என்னைய என்னண்ணு விளிப்பிய?

தமிழில் ஒருவரைப் பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல், நீ என்றோ நீங்கள் என்றோகூடச் சொல்லாமல் மூன்று மாதம் அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துவிட முடியும். நான் பார்த்திருக்கிறேன். "இதுல ஒரு கையெழுத்து வேணும்." "நாளைக்கு யூனியன் ஆபீசுல மீட்டிங் இருக்கு." "டீ வந்தாச்சு." யாருடைய கையெழுத்து, யாருக்கு மீட்டிங், யாருக்கு டீ என்று சொல்லவே வேண்டாம். எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். நம் மொழி அவ்வளவு வசதியானது.

நான் அப்போது ஊராட்சி செயலர். வீடு நாகர்கோவிலில். வேலை, முட்டத்துக் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த ஒரு கடலோர ஊராட்சியில். ஊரில் பாதி கடப்புறம். மீன்பிடிக் குடும்பங்கள், மாதா கோயில் மணியை வைத்தே நேரம் சொல்பவர்கள். மறுபாதி ரோட்டுக்கு மேலே, தென்னந்தோப்பும் வாழையும் வைத்திருப்பவர்கள். அதை மேலத்தெரு என்பார்கள். இருபது வருட வேலையில் நான்கு தலைவர்களைப் பார்த்திருந்தேன். நான்கு பேரும் ஆண்கள். அதில் ஒருவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். காலையில் அவருடைய பைக் வந்து நின்றதுமே எழுந்து நின்று, "வாங்க தலைவரே" என்பேன். யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி தானாக வரும்.

அடுத்த தேர்தலில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்து வந்தவர் தலைச்சுமையாக மீன் விற்கிற பெண். நாற்பத்து நான்கு வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். விடியும்போது கடற்கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் ஐஸ் போட்டு, முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டுப் பத்தரை மணிக்கு ஊர் திரும்புவார். தலைவரான பிறகும் அதை நிறுத்தவில்லை. குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு பதினொரு மணிக்கு ஆபீசுக்கு வருவார்.

முதல் நாள் அவர் வந்தபோது நானும் எழுந்து நின்றேன். "வாங்க" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. 'தலைவரே' தொண்டை வரை வந்து நின்றுகொண்டது. 'தலைவியே' என்றால் கோயில் திருவிழா நாடகம் மாதிரி இருக்கும். 'அம்மா' என்று சொல்லலாமென்றால் என்னைவிட எட்டு வயது இளையவர். 'மேடம்' என்பது ஜீப்பில் வந்து இறங்குகிறவர்களுக்கானது என்று என் மனம் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தது. ஆகவே எதுவும் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இப்போது இதை எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், "புதுசா ஒருத்தி வந்திருக்கா" என்றுதான் சொன்னேன்.

என்னுடைய சங்கடத்தை ஊர் சுலபமாகத் தீர்த்து வைத்தது. அவருடைய கணவரைத் தலைவராக்கிவிட்டது.

கணவர் பல வருடம் வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்துத் திரும்பியவர். கெட்ட மனிதர் இல்லை. மனைவிக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாக நடந்தவர்தான். ஆனால் முடிவு வந்த மறுநாளே டீக்கடையில், "தலைவரே, வாங்க" என்று யாரோ இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் பத்துப் பேர் சொன்னார்கள். ஒரு மனிதனை நாற்பத்தெட்டு வருடம் யாரும் எதுவும் சொல்லி அழைக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று எல்லோரும் தலைவரே என்றால் அவன் என்ன செய்வான்? காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மனைவி மீன் விற்றுவிட்டு வரும்வரை மட்டும் என்று ஆரம்பித்தது. பிறகு அவர் வந்த பின்னும் எழவில்லை. மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நானும் கோப்புகளைக் கணவருக்கு முன்னால்தான் வைத்தேன். "தலைவரே, இதப் பாருங்க" என்றும் சொன்னேன். எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல்!

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் தெருவிளக்குக் காரியமாக வந்திருந்தார்கள். "தலைவரே, நீங்க ஒரு வார்த்த சொன்னா போரும்" என்று கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது மனைவி உள்ளே வந்தார். ஸ்டூலுக்குப் போகவில்லை. மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் மரப்பெஞ்சில், அந்த இருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"தலைவரே, எனக்க மனு ஒண்ணு உண்டு" என்றார்.

கணவர் சிரித்தார். வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் எழுந்து, தாளை மேசைமேல் விரித்து வைத்தார். அது உண்மையாகவே மனுதான். கோடு போட்ட நோட்டுத் தாளில் அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறைப்படி எழுதியிருந்தது. பொருள் என்ற இடத்தில், 'உட்கார இடம் வேண்டி' என்று இருந்தது.

"இந்த ஊரு சனம் எனக்கு ஓட்டுப் போட்டுது. ஒரு நாற்காலி தந்துது. ரெண்டு மாசமா வாறேன், அதுல இருக்க எடம் கிட்டல்ல. தலைவரு கொஞ்சம் பாத்துச் செய்யணும்."

அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. ஆபீசுக்கு வருகிற எந்தப் பெண்ணும் மனு கொடுக்கும்போது பேசுகிற அதே குரல். கணவரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை நான் பார்த்தேன். அவர் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். பிறகு எழுந்தார். தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை துடைத்தார்.

"மனு பாசாச்சு" என்றார் மெதுவாக. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை.

எனக்கு யாரை வியப்பது என்று தெரியவில்லை. கேட்டவரையா, கேட்டதும் எழுந்தவரையா? அந்த மனுவை எந்தக் கோப்பில் வைப்பது என்றும் தெரியவில்லை. 'பலவகை' என்று எழுதிய கோப்பில் வைத்தேன்.

இப்போது எனக்கு ஒளிந்துகொள்ளக் கணவர் இல்லை. இருந்தும் இன்னொரு மாதம் ஓட்டினேன். ஒரு மத்தியானம், "இந்தச் சான்றிதழ்ல ஒரு கையெழுத்து வேணும்" என்று தாளை நீட்டினேன். அவர் பேனாவை எடுத்தார், பிறகு கீழே வைத்தார்.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா? நீங்க என்னைய என்னண்ணு விளிப்பிய?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"மூணு மாசமாப் பாக்கேன். நீங்க என்னைய ஒண்ணுமே விளிக்கல்ல. மேசையப் பாத்துப் பேசுதிய. பேப்பரப் பாத்துப் பேசுதிய. ஃபேனப் பாத்துக்கூடப் பேசுதிய."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல…" என்றேன். அந்த வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு விளி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன்.

"முந்தி விளிச்சிய" என்றார்.

"முந்தியா?"

"ஒங்க தெருவுல ஏழு வருசம் மீனு வித்திருக்கேன் சாரே. பச்ச கேட்டு. வாசல்ல ஒரு மாதுளம் நிக்கும். நீங்க மாடியில நின்னு விளிப்பிய, 'ஏ மீனு!'ண்ணு."

என் வீட்டு கேட் பச்சைதான். மாதுளையும் உண்டு. ஏழு வருடம் இந்தப் பெண் என் வாசலில் சருவத்தை இறக்கி வைத்திருக்கிறார். சாளை, அயிலை, நெத்திலி என்று எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. முகம் மட்டும் ஞாபகம் வரவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் சருவம்தான் தெரியும்.

"எனக்கு அப்ப சிரிப்புதான் வரும். சருவத்துல கெடக்க சாளை எழும்பி, என்ன சாரேண்ணு கேக்கப் போவுதுண்ணு நெனப்பேன்." சொல்லிவிட்டு நிஜமாகவே சிரித்தார்.

"மன்னிக்கணும்" என்றேன். அதிலும் பெயரில்லை, ஆளில்லை.

"மன்னிக்கதுக்கு என்ன உண்டு? தெருவுல எல்லாரும் அப்பிடித்தான. கீர கொண்டு வந்தா ஏ கீர. தயிரு கொண்டு வந்தா ஏ தயிரு. ஆனா இஞ்ச நா மீனு கொண்டு வரல்லியே சாரே."

"மேடம்னு சொல்லலாமா?" என்றேன்.

"நா மேடத்துக்கா எலக்சன் நின்னேன்?"

"அம்மா?"

"அம்மைக்கும் நிக்கல்ல. ஒங்களுக்கு என்னையவிட வயசும் கூட. நா எதுக்கு நின்னேனோ அதையே விளிங்க. நாலு பேர விளிச்சுப் பழகுன வாயிதான?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "தலைவரே" என்றேன். அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால் மைக்கில் சொன்னது போல எனக்குக் கேட்டது.

"ஆங், சொல்லுங்க சாரே, என்ன?" என்றார் உடனே, ஏதோ காரியமாகக் கூப்பிட்டதைப் போல.

நான் தாளை மறுபடி நீட்டினேன். "கையெழுத்து…" என்றேன்.

"தாங்க."

அந்த ஒரு சொல் வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்தது விசித்திரம். 'டீ வந்தாச்சு' என்பது, 'தலைவரே, டீ குடிங்க' ஆனது. 'மீட்டிங் இருக்கு' என்பது, 'நீங்க எத்தன மணிக்குப் புறப்படுவீங்க' ஆனது. வீட்டில் மனைவியிடம் பேசும்போதும் 'அவ' போய்விட்டது. அதை நான் முயன்று மாற்றவில்லை. ஒருநாள் மனைவி, "யாரைச் சொல்லுதிய, அவங்க அவங்கண்ணு?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த வருடம் மே மாதக் கிராம சபையில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல் போட்டிருந்தோம். கடப்புறத்திலிருந்து பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். தண்ணீர்ப் பிரச்சினை இருந்தால் பெண்கள் வருவார்கள். கிராம சபையில் பேசப்படுவதை நான் எழுதிக்கொள்ள வேண்டும். முடிவில் பதிவேட்டில் இருப்பதை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் கையெழுத்து. அது என் வேலை.

தலைவர் எழுந்து தண்ணீர்த் தீர்மானத்தைச் சொன்னார். "மேலத்தெருவுக்குத் தெனமும் தண்ணி போவுது. கடப்புறத்துக்கு நாலு நாளைக்கு ஒருக்கா வருது. இனி ஒண்ணு விட்டு ஒரு நாளு ரெண்டு பக்கத்துக்கும் வால்வு தொறக்கணும்."

மேலத்தெருவிலிருந்து ஒருவர் எழுந்தார். அவர் முன்பு இரண்டு தடவை தலைவராக இருந்தவர். எழுபதை நெருங்கிய வயது. அந்தப் பள்ளிக்கூடம் நிற்கிற இடமே அவர் குடும்பம் கொடுத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பதிவேடு எழுதச் சொல்லிக் கொடுத்தவர். ஊர் மதிக்கிறவர், நானும் மதித்தவர். அதனால்தான் அவர் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

"ஏட்டி, நீ செத்த சும்மா இரி. பம்பு எங்க, வால்வு எங்கண்ணு ஒனக்குத் தெரியுமா? மீனு வில பறைஞ்ச மாதிரியா இது? ஒனக்க மாப்பிளைய வரச் சொல்லு. நா அவன்ட்ட பேசிக்கிடுகேன்."

எங்கள் பக்கத்தில் ஏட்டி என்பது வசவு இல்லை. தாய் மகளை அழைப்பாள், தோழி தோழியை அழைப்பாள். சந்தையில் மீன்காரப் பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கும்போது அதில் தேன் இருக்கும். அதே சொல் ஒரு சபையில் மேலிருந்து விழும்போது கல்.

கடப்புறத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சத்தம். பத்துப் பதினைந்து போன்கள் உயர்ந்தன. யூனியன் ஆபீசிலிருந்து கூட்டத்தைக் கவனிக்க வந்திருந்த அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன்.

அவர் முதலில் போன்களைப் பார்த்துத்தான் பேசினார். "மக்கா, எல்லாரும் போன உள்ள வையுங்க. இது நம்ம ஊரு காரியம். நாடு முழுக்க அனுப்பிச் சிரிக்கதுக்கு உள்ளது இல்ல. அண்ணாச்சிக்கு வெளியூருல பேரப்பிள்ளிய உண்டு."

போன்கள் இறங்கின. பிறகு என் பக்கம் திரும்பினார். "சாரே, அண்ணாச்சி சொன்னத எழுதியாச்சா?"

"இல்ல தலைவரே."

"எழுதுங்க. ஒரு எழுத்து விடாம. ரெண்டு தடவ தலைவரா இருந்தவரு. அவரு சபையில சொல்லுகது ஒண்ணும் வீணாப் போவப்படாது."

நான் அந்தக் குரலில் கேலியைத் தேடினேன். இல்லை. எழுத ஆரம்பித்தேன். 'ஏட்டி' என்று எழுதும்போது எழுத்து கோணியது.

"அத எதுக்கு எழுதணும்?" என்றார் பெரியவர். பந்தலின் கடைசியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏலே, நீ எங்கல நிக்க? இஞ்ச வால!"

கணவர் பள்ளிச் சுவரில் சாய்ந்து, மற்ற மீனவர்களோடு நின்றுகொண்டிருந்தார். வெயிலுக்காகத் துவர்த்தைத் தலையில் கட்டியிருந்தார். அதை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பெரியவரிடம் போகவில்லை. மேசைக்கு முன்னால், எல்லோரும் நின்று பேசுகிற இடத்தில் வந்து நின்றார். மனைவியைப் பார்த்தார்.

"தலைவரே, எனக்கு ஒரு வார்த்த பேசணும். அனுமதி தருவியளா?"

நான் நூற்றுக்கணக்கான கூட்டங்களுக்குப் பதிவேடு எழுதியவன். ஒரு கணவன் ஊர் முன்னால் நின்று தன் மனைவியிடம் 'தருவியளா' என்று கேட்டதை அதற்கு முன் கேட்டதில்லை. என் அப்பா என் அம்மாவிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. வினையின் முடிவில் ஒட்டிக்கொண்டு, 'தருவியா'வை மரியாதையாக்குகிற சின்ன ஒலிதான். அந்த ஒலிக்கு ஒரு பந்தலே திரும்பிப் பார்த்தது.

தலைவர் மேசையின் விளிம்பைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். "பேசுங்க" என்றார்.

"அண்ணாச்சி, இவியளத் தாலி கெட்டுனவன் நா. வீட்டுல ஏட்டிண்ணுதான் விளிப்பேன். அவிய ஒருநாளும் வேண்டாம்ணு சொன்னதில்ல. இந்தப் பந்தலுக்க கீழ வந்தா, தாலி கெட்டுன எனக்கே அந்த வார்த்த வாயில வராது. பின்ன ஒமக்கு எப்பிடி வருது?"

அவ்வளவுதான். அவர் அங்கேயே மணலில் உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் என்னிடம், "எழுதுனத வாசியுங்க சாரே" என்றார்.

வாசித்தேன். பதிவேடு வாசிக்க எனக்கு ஒரு குரல் உண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். "முன்னாள் தலைவர் அவர்கள் பேசியதாவது: ஏட்டி, நீ செத்த சும்மா இரி…" யாராவது சிரிப்பார்கள் என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கோபத்தில் சொன்னதைக் கோபம் இல்லாமல் திரும்பக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பெரியவரின் முகத்தில் பார்த்தேன். அவர் தன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அத வெட்டிரும்" என்றார் என்னிடம், தணிந்து.

"வெட்டாண்டாம் சாரே" என்றார் தலைவர். "பேசுனது பேசியாச்சு. ஆனா அண்ணாச்சி இன்னும் முடிக்கல்ல. தண்ணியப் பத்தி அவருக்குச் சொல்ல உண்டு. ரொம்ப நேரமா நிக்காரு, ஒரு நாற்காலி போடுங்க. மிச்சத்தையும் சொல்லட்டு. அதையும் எழுதுங்க."

யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை. பந்தலைவிட்டு வெளியே நடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தோம். வாசலருகே பூவரச மரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சபை காத்திருந்தது. தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போகவில்லை. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலச் சாதாரணமாக இருந்தார். நானாக இருந்தால் போயிருப்பேன். நான் பார்த்த நான்கு தலைவர்களில் யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

பெரியவர் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "எழுதும்" என்று என்னிடம் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தி நேராகத் தலைவரைப் பார்த்தார்.

"தலைவரே" என்றார்.

எனக்கு முதல்முறை அந்தச் சொல் தொண்டையில் எப்படிச் சிக்கியது என்று தெரியும். அவருக்கும் அப்படியே சிக்கி, அப்படியே வெளியே வந்தது.

"ஒண்ணு விட்டு ஒரு நாள்ணா மேலத்தெருவுல கடைசி இருவது வீட்டுக்குத் தண்ணி ஏறாது. மேடு. அதுக்கு ஒரு வழி சொல்லாம தீர்மானம் வச்சா எனக்கு ஆட்சேபம் உண்டு."

"எழுதுங்க சாரே" என்றார் தலைவர். பிறகு அவரிடம், "நியாயம் அண்ணாச்சி. மேட்டுக் காரியம் எனக்குத் தெரியாது. அந்த இருவது வீட்டுக்காண்டி காலையில அர மணிக்கூர் கூடத் தொறந்து வைப்போம். போருமா?"

"செய்து பாப்போம்" என்றார் அவர்.

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. தீர்மானம் கைகளைத் தூக்கி நிறைவேறியது. பெரியவர் கையைத் தூக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது பக்கத்தைப் புரட்டி, தன் முதல் பேச்சு இருந்த இடத்தை விரலால் தொட்டு, அதன் கீழேயும் ஒரு கையெழுத்துப் போட்டார். அப்படிப் போட வேண்டும் என்று விதி கிடையாது. அந்தப் பக்கத்தில் 'ஏட்டி' மேலே இருக்கிறது. சில வரிகள் தள்ளிக் கீழே 'தலைவரே' இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் பூவரச மரம் வரை நடந்து போய்த் திரும்பி வந்தது பதிவேட்டில் இல்லை.

கூட்டம் கலைந்தது. நான் பதிவேட்டை மூடப் போனபோது, ஊராட்சியில் குப்பை எடுக்கிற பெண் ஒருவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். தெருவில் அவரை எல்லோரும் 'ஏ, குப்ப' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சாரே, எனக்க பேரு இதுல உண்டா?"

"உண்டே. வருகைல கைநாட்டு வச்சிருக்கீங்களே."

"வாசிப்பியளா?"

தேடி எடுத்து வாசித்தேன். அவர் நகரவில்லை.

"அண்ணாச்சிக்குப் போட்டு வாசிச்சிய இல்லியா, பொறத்தால ஒண்ணு…"

"அவர்களா?"

"ஆமா. அதையும் போட்டு வாசியுங்க."

வருகைப் பதிவில் பெயருக்குப் பின்னால் அவர்கள் என்று எழுதுவது வழக்கமில்லை. நான் பேனாவைத் திறந்து எழுதினேன். பிறகு, ஏன் என்று தெரியாமலே எழுந்து நின்றுகொண்டு வாசித்தேன்.

"எனக்குச் செரியாக் கேக்கல்ல சாரே, ஒருக்கா கூட வாசியுங்க" என்றார் தலைவர். அவர் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார்.

இன்னொரு முறை, பந்தல் முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன். அந்தப் பெண் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "எனக்க பேரு மாதிரியே இல்ல, கேட்டியளா" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, கீழே கிடந்த பேப்பர் கப்புகளைப் பொறுக்கப் போனார்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் இன்னொரு பெண் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வலை பின்னுகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், மேலத்தெருவில் வீட்டு வேலை செய்கிறவர் என்று வரிசை பந்தலுக்கு வெளியே போய் வெயிலிலும் நின்றது. தலைவர் தன் நாற்காலியைத் தள்ளி எனக்கு நிழல் விட்டுக் கொடுத்தார்.

அன்று மூன்றரை மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஐந்து மணி பஸ்ஸையும்.